கீட்டீன்: சேமிக்க இயலாத மூலப்பொருள்

இரசாயனத் தொழிலில் பெரும்பாலான பொருள்களைத் தொட்டியில் நிரப்பி வைக்கலாம். பீப்பாயில் அடைத்து வேறூருக்கு அனுப்பலாம். கீட்டீன் இதற்கு விலக்கு. சாதாரண வெப்பநிலையில் வாயுவாக உள்ள இது, அடைத்து வைத்தால் தன்னுடன் தானே இணைந்துவிடும்; நீர் பட்டால் அசெட்டிக் அமிலமாகும். எனவே உற்பத்தியான இடத்திலேயே, உற்பத்தியான உடனேயே இதைப் பயன்படுத்தியாக வேண்டும். இத்தொழிலின் அமைப்பு முழுவதையும் நிர்ணயிப்பது இந்த ஒரே குணமாகும்.

உற்பத்தி முறை

கீட்டீன் வகைச் சேர்மங்களை 1905ஆம் ஆண்டில் முதன்முதலாக அறிவித்தவர் ஹெர்மான் ஸ்டாடிங்கர். தொழிற்சாலைகளில் அசெட்டிக் அமில ஆவியைக் குறைந்த அழுத்தத்தில் 700 முதல் 750 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகின்றனர். டிரை எத்தில் பாஸ்பேட் வினையூக்கியாகிறது. அமில மூலக்கூறு ஒவ்வொன்றும் ஒரு நீர் மூலக்கூறை இழந்து கீட்டீனாகிறது. பிரிந்த நீர் மீண்டும் அதனுடன் சேர்ந்தால் உழைப்பு வீணாகும். ஆகவே உலையை விட்டு வரும் வாயுவில் அம்மோனியாவைச் செலுத்தி வினையூக்கியைச் செயலிழக்கச் செய்து, உடனே குளிர்வித்து நீரைப் பிரித்தெடுக்கின்றனர்.

வழிப்பொருள்கள்

கீட்டீனை அசெட்டிக் அமிலத்தில் உறிஞ்சச் செய்தால் அசெட்டிக் அன்ஹைட்ரைடு கிடைக்கிறது. ஆஸ்பிரின், பாராசிட்டமால், செல்லுலோஸ் அசெட்டேட் ஆகியவற்றுக்கு இது தேவை. பாராசிட்டமால் தயாரிப்பில் துணைப்பொருளாக வரும் அசெட்டிக் அமிலத்தை மீட்டுத் தூய்மைப்படுத்தினால் மீண்டும் உலைக்கு அனுப்பலாம். இரு கீட்டீன் மூலக்கூறுகள் இணைந்தால் டைகீட்டீன் என்னும் திரவம் உண்டாகும். இது அனிலினுடன் வினைபுரிந்து தரும் அசெட்டோ அசெட்டனிலைடு, அச்சு மைக்கும் வண்ணப்பூச்சுக்கும் வேண்டிய மஞ்சள் நிறமிகளுக்கு அடிப்படை. உணவைக் கெடாமல் காக்கும் சார்பிக் அமிலமும் கீட்டீன் வழி வருவதே.

பாதுகாப்பும் சட்டமும்

கீட்டீனின் நச்சுத்தன்மை பாஸ்ஜீனுக்கு ஒப்பானது. சுவாசித்தவருக்கு நுரையீரல் பாதிப்பு பல மணி நேரம் கழித்தே வெளிப்படக்கூடும். அப்போதைக்கு நலமாகத் தோன்றும் தொழிலாளியை வீட்டுக்கு அனுப்பிவிடாமல் மருத்துவக் கண்காணிப்பில் வைப்பது இன்றியமையாதது. டைகீட்டீனில் அமிலமோ காரமோ சிறிது கலந்தாலும் அது கடும் வெப்பத்துடன் பல்லுறுப்பாகும். தூய கலன்களில் குளிரூட்டியே வைக்க வேண்டும். அசெட்டிக் அன்ஹைட்ரைடு ஹெராயின் தயாரிப்புக்கும் பயன்படுவதால், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் கட்டுப்படுத்தப்பட்ட பொருளாக உள்ளது. அதன் உற்பத்தி, விற்பனை, போக்குவரத்து அனைத்துக்கும் கணக்கு காட்ட வேண்டும்.

மூலப்பொருளின் நிலை

கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து ஆல்கஹால், அதிலிருந்து அசெட்டால்டிஹைடு, பின்னர் அசெட்டிக் அமிலம் என்பது இந்தியா கண்ட வழி. இன்று அந்த ஆல்கஹாலைப் பெட்ரோலில் கலப்பதற்கும் தேவை பெருகியுள்ளது. அசெட்டிக் அமிலத்தின் பெரும்பகுதி இறக்குமதியாகிறது. கீட்டீனை இறக்குமதி செய்ய வழியில்லை. அதன் மூலப்பொருளையோ வழிப்பொருளையோதான் வாங்க முடியும். ஆகவே அமிலத்தை மீட்டு மறுபடி பயன்படுத்தும் ஆலை, அன்னியச் செலாவணியைச் சேமிக்கிறது. கீட்டீன் உலையையும் அதைப் பயன்படுத்தும் பிரிவையும் ஒரே வளாகத்தில் அமைத்து, வெளியேறும் வாயுவைக் கழுவிச் சுத்திகரிக்கும் ஏற்பாட்டையும் தொடக்கத்திலேயே திட்டத்தில் சேர்ப்பது நாட்டுக்கும் தொழிலாளிக்கும் ஒருங்கே நன்மை தரும்.