டிசம்பர் வேண்டாம், மார்ச்சில் போங்கள்

ஸ்வீடனுக்கும் ஃபின்லாந்துக்கும் படிக்க வரும் நம் பிள்ளைகள் அக்டோபர் பிறந்ததும் என்னிடம் தவறாமல் கேட்பது இது: "சார், லாப்லாந்து போகணும், எங்கே போகலாம்?" கேட்கும்போதே பதிலையும் கையோடு கொண்டுவந்திருப்பார்கள். ஃபின்லாந்தின் ரோவனியெமி, டிசம்பர் கடைசி வாரம், துருவ ஒளி பார்க்கக் கண்ணாடிக் குடிலில் ஒரு ராத்திரி. காரணம் கேட்டால், போன வருடம் சீனியர் போய்ப் படம் போட்டார் என்பார்கள். இல்லையென்றால், அப்பா அம்மா ஊரிலிருந்து வருகிறார்கள், எதிர்வீட்டுப் பெண் தன் பெற்றோரைக் கூட்டிப்போன அதே இடத்துக்குத் தாங்களும் போயாக வேண்டும் என்கிறார்கள். இவர்களில் பலர் படிப்பைத் தேர்ந்தெடுத்ததும் இப்படித்தான். அதைப் பற்றி இப்போது பேசிப் பயனில்லை; பயணத்தையாவது காப்பாற்றலாம்.

முதலில், வடக்கே போக நினைப்பவர்கள் கேட்கும் மற்ற இடங்கள். நார்வேயின் ட்ரொம்சோவைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. விமான நிலையம், பல்கலைக்கழகம், நல்ல உணவகங்கள் எல்லாம் உள்ள நகரம். கிட்டத்தட்ட 70 பாகை வடக்கே இருந்தும், அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டம் புண்ணியத்தில் குளிர் தாங்கக்கூடியதே. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி பாதிவரை சூரியன் எழாது. கடலோரம் என்பதால் மேகம் அதிகம். துருவ ஒளி காட்டும் வழிகாட்டிகள் தெளிந்த வானத்தைத் தேடி சில இரவுகளில் ஃபின்லாந்து எல்லைவரை வண்டியை விரட்டுவார்கள். வயதான பெற்றோருடன் போகிறவர்களுக்கு இந்த ஊர் போதும்.

நார்வேயின் லொஃபோட்டன் தீவுகள் மலையும் கடலும் பிடித்தவர்களுக்கு. குளிர்கால மீன்பிடிக் காலம் முடியும் வாக்கில் போனால், காட் மீனை உப்பே போடாமல் மரச்சட்டங்களில் தொங்கவிட்டுக் கருவாடாக்குவதைப் பார்க்கலாம். ஆனால் பேருந்து குறைவு. பனிச்சாலையில் கார் ஓட்டிப் பழகாதவர்கள் கோடைக்குத் தள்ளிப்போடலாம். ஸ்வால்பார்டு ஆசை இருப்பவர்களுக்கு ஒரே எச்சரிக்கை: அது நார்வேயின் ஆட்சியில் இருந்தாலும் ஷெங்கன் பகுதிக்கு வெளியே உள்ளது. ஒருமுறை மட்டும் நுழையும் விசாவில் வந்த பெற்றோரை அங்கே கூட்டிப்போனால், திரும்பி வரும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

இனி ரோவனியெமி. அந்த ஊர் மீது எனக்கு வருத்தமில்லை. 1944இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை கொளுத்திவிட்டுப் போன ஊர். கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்ட்டோ வரைந்த திட்டப்படி மீண்டும் எழுந்தது. ஆர்க்டிகும் அருங்காட்சியகத்தில் அரை நாள் செலவிடலாம். என் வருத்தமெல்லாம் டிசம்பரில் அங்கே விற்கப்படும் கனவைப் பற்றித்தான். கிறிஸ்துமஸ் தாத்தா கிராமம் ஆர்க்டிக் வட்டக் கோட்டின் மேல் 1985இல் சுற்றுலாவுக்காகத் திறக்கப்பட்டது. தாத்தாவைப் பார்க்கக் கட்டணம் கிடையாது, படம் வேண்டுமென்றால்தான் காசு. அந்தப் படத்துக்காகவே போனோம் என்பது வரிசையில் நிற்கும்போதுதான் உறைக்கும். பிரிட்டனிலிருந்து தனி விமானங்கள் வந்து இறங்கும் மாதம் அது. அறை வாடகை உச்சத்தில் இருக்கும். வெளிச்சம் ஒரு நாளைக்குச் சுமார் இரண்டு மணி நேரம்.

கண்ணாடிக் குடில் விஷயத்துக்கு வருவோம். நவம்பரும் டிசம்பரும் லாப்லாந்தில் மேகம் கவிந்த மாதங்கள். மாத உதவித்தொகையில் பாதியைக் கொடுத்துப் படுத்தால், கூரை வழியே தெரிவது பெரும்பாலும் சாம்பல் நிறம்தான். வானம் தெளிந்தாலும் ஊரின் விளக்கு வெளிச்சம் பாதியைத் தின்றுவிடும். துருவ ஒளி வந்தே விட்டது என்று வையுங்கள். கேமராவில் கொழுந்துப் பச்சையாக விழுவது, வெறும் கண்ணுக்குப் பல நேரம் வெளுத்த புகைபோலத்தான் தெரியும். கட்டிலில் படுத்துக்கொண்டே அதை அடையாளம் காணாமல் தூங்கிப்போனவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். ஒளியைப் பார்க்க வேண்டுமானால் வெளியே வந்து, இருட்டில் நின்று, கண்ணைப் பழக்க வேண்டும். அதற்குக் கண்ணாடி எதற்கு?

இன்னொன்று எனக்கு உறுத்துவது. சாமி பழங்குடியினரைப் பார்க்கவும் ரோவனியெமிதான் இடம் என்று நினைக்கிறார்கள். ஃபின்லாந்துச் சட்டம் வரையறுத்த சாமி தாயகப் பகுதிக்குள் அந்த ஊரே வராது. இனாரி, உத்ஸ்யோக்கி, எனொன்தெகியோ ஆகியவையும் சொதன்க்யுலாவின் வடபகுதியும்தான் அந்தத் தாயகம். வாடகை உடுப்பில் பாடிக்காட்டுகிறவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவதைவிட, இனாரியில் உள்ள சீடா அருங்காட்சியகத்துக்குப் போவது மேல். பிப்ரவரி முதல் வியாழனன்று ஸ்வீடனின் யொக்மொக்கில் தொடங்கும் சந்தை இன்னும் மேல், 1605இலிருந்து கூடிவருகிறது. பனிமான் வளர்க்கும் ஒருவரைச் சந்தித்தால், எத்தனை மான் என்று மட்டும் கேட்காதீர்கள். வங்கியில் எவ்வளவு போட்டிருக்கிறீர்கள் என்று கேட்பது போன்றது அது. மந்தையைக் கண்டதும் படம் எடுக்கக் கிட்டே ஓடவும் கூடாது; மிரண்டு ஓடும் மான் குளிர்காலத்துக்குச் சேர்த்துவைத்த பலத்தை இழக்கும்.

எங்கேதான் போவது என்கிறீர்களா? அபிஸ்கோ. எனக்கு அந்த ஊர் மீது பாசம், மறைக்கவில்லை. ஆனால் காரணமும் உண்டு. மேற்கே நார்வே மலைகள் ஈரத்தை வாங்கிக்கொள்வதால் மழைமறைவில் கிடக்கும் இடம். ஸ்வீடனிலேயே மிகக் குறைவாக மழையும் பனியும் விழும் ஊர்களில் ஒன்று. ஆகவே தெளிந்த இரவுகள் அதிகம். ஸ்டாக்ஹோமில் ராத்திரி ரயில் ஏறினால், கிருனாவின் இரும்புச் சுரங்கத்தைத் தாண்டி, 1909இல் அமைத்த தேசியப் பூங்காவின் வாசலிலேயே இறங்கலாம். விடுதியில் பொதுச் சமையலறை உண்டு. சைவக்காரர்கள் அரிசி பருப்பைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், வழியில் கடைகள் சொற்பம். மார்ச்சில் போங்கள். பனி அப்படியே இருக்கும், பகல் பன்னிரண்டு மணி நேரம் இருக்கும், சம இரவு நாளையொட்டிய வாரங்களில் துருவ ஒளிக்கும் வாய்ப்பு கூடுதல். தொர்னெத்ரெஸ்க் ஏரி உறைந்து கிடக்கும். உள்ளூரார் நடக்கும் தடத்தை விட்டு விலகாமல் நீங்களும் நடக்கலாம்.

எங்கே போனாலும் பருத்தித் துணியை அறையிலேயே விட்டுவிடுங்கள். உள்ளே மெல்லிய கம்பளி, மேலே தடித்த கம்பளி, அதற்கும் மேல் காற்று புகாத அங்கி. ஜீன்ஸ் ஈரமானால் காயாது. காலணி ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும்; இறுக்கினால் விரல் விறைக்கும். ஃபோனை உள்பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள், குளிரில் பேட்டரி படுத்துவிடும். யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பை வாசலில் கழற்றுங்கள், நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பொதுச் சானாவில் ஆண் பெண் தனித்தனியே, பெரும்பாலும் துணியில்லாமல். முதலில் குளித்துவிட்டு, உட்காரத் துண்டு எடுத்துக்கொண்டு போக வேண்டும். கூச்சம் உள்ளவர்கள் போகாமல் இருப்பதில் தப்பேதுமில்லை.

கடைசியில் எல்லாம் உங்கள் சுபாவத்தைப் பொறுத்தது. சத்தமும் கூட்டமும் வேண்டியவருக்கு அபிஸ்கோ இரண்டாம் நாளே அலுத்துவிடும். அவர் ட்ரொம்சோவுக்கே போகட்டும். ஃபோனில் துருவ ஒளிக் கணிப்பைப் பார்த்துவிட்டுப் பத்து நிமிடத்தில் உள்ளே ஓடுகிறவர் எங்கே போனாலும் பயனில்லை. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பாடம் தேர்வதற்கும் வேலை தேடுவதற்கும் அது பொருந்தும். யாரோ போன வழி என்பதற்காகக் கிளம்பாமல், நமக்கு எது தாங்கும், எதில் மனம் நிற்கும் என்று ஒரு வாரம் யோசிக்கலாம்.

டிசம்பருக்கு ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் ரோவனியெமியை ஒரு இரவோடு முடித்துக்கொண்டு இனாரிக்குப் பேருந்து பிடியுங்கள். சுமார் ஐந்து மணி நேரப் பயணம். ஒரு நாளைக்குச் சில வண்டிகளே ஓடும், ஆகவே நேரத்தை முன்பே பார்த்துவிடுங்கள்.