பத்துப் பத்தாகக் காட்டும் லிமிட்: வசதியும் வில்லங்கமும்

மைஎஸ்கியூஎல்லில் முந்நூறு பெயர்கள் உள்ள ஒரு டேபிளுக்கு செலெக்ட் கட்டளை கொடுத்து என்டர் தட்டுங்கள். எல்லாம் கடகடவென ஓடி, கடைசிச் சில வரிகள்தான் திரையில் நிற்கும். இதற்கு மருந்து லிமிட். (கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன். நீங்கள் ஆங்கில எழுத்துகளில் டைப் செய்யுங்கள்.)

செலெக்ட் பெயர், ஊர் ஃப்ரம் கொடையாளர் லிமிட் 10;

பத்து வரிகள் மட்டும் வரும். அடுத்த பத்துக்கு லிமிட் 10, 10. முதல் எண், எத்தனை வரிகளைத் தாண்ட வேண்டும் என்பது. இரண்டாவது, எத்தனை காட்ட வேண்டும் என்பது. பக்க எண்ணில் ஒன்றைக் கழித்துப் பத்தால் பெருக்கினால் முதல் எண் கிடைத்துவிடும். ஐந்தாம் பக்கம் என்றால் லிமிட் 40, 10. இதையே லிமிட் 10 ஆஃப்செட் 40 என்றும் எழுதலாம். எண்கள் இடம் மாறியிருப்பதைக் கவனியுங்கள், பலரும் சறுக்கும் இடம் இது.

நான் சறுக்கியது வேறு இடத்தில். நண்பர்களின் ரத்ததானக் குழுவுக்கு ஒரு பட்டியல் செய்து கொடுத்தேன். ஆர்டர் பை ஊர் என்று அடுக்கி, பத்துப் பத்தாகப் பக்கம் பிரித்தேன். ஓர் இரவு ஓ நெகட்டிவ் ரத்தம் அவசரமாகத் தேவைப்பட்டது. எல்லாப் பக்கங்களையும் புரட்டியும் எங்கள் ஊரில் ஒருவரும் இல்லை. வெளியூர்க்காரர் ஒருவரை எழுப்பி வரவழைத்தோம். மறுநாள் டேபிளை முழுதாகப் பார்த்தால், இரண்டு தெரு தள்ளி இருப்பவர் பெயர் அதில் இருக்கிறது! பக்கங்களில் அவர் வரவே இல்லை. இன்னொருவரோ இரண்டாம் பக்கத்திலும் மூன்றாம் பக்கத்திலும் வந்திருந்தார்.

தப்பு மைஎஸ்கியூஎல் மீதல்ல. எங்கள் ஊரில் மட்டும் நாற்பது பேர். அவர்களுக்குள் யார் முன், யார் பின் என்று நான் சொல்லவேயில்லை. சொல்லாவிட்டால் அது தன் வசதிப்படி அடுக்கும். ஒவ்வொரு பக்கமும் அதற்குப் புதிய கேள்வி, ஆகவே போன பக்கத்தின் வரிசையைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. ஆர்டர் பையே இல்லை என்றால் இன்னும் மோசம். எனவே யாருக்கும் இரட்டிக்காத உறுப்பினர் எண்ணையும் சேர்த்தேன்:

ஆர்டர் பை ஊர், எண் லிமிட் 10, 10;

சிக்கல் தீர்ந்தது. உண்மையில், அவசரத்துக்குப் பக்கம் புரட்டியதே தவறு. வேர் ரத்தவகை = 'ஓ நெகட்டிவ்' என்று வடிகட்டியிருந்தால் ஒரே திரையில் முடிந்திருக்கும்.

ஆக்சஸ் வைத்திருப்பவர்களுக்கு: அதில் லிமிட் கிடையாது, செலெக்ட் டாப் 10 என்று எழுதுங்கள். ஊர் வாரியாக மட்டும் அடுக்கினால், பத்தாவது ஆளின் ஊர்க்காரர்கள் எல்லோரும் கூடவே வந்துவிடுவார்கள். அங்கேயும் எண்ணைச் சேருங்கள், பத்தோடு நிற்கும்.