நெருங்கிய நடவும் இடையறாக் கவனிப்பும்

இருக்கும் நிலத்தில் கூடுதலான பயனைப் பெறுவது எவ்வாறு? பயிர்த்தொழில் புரியும் அனைவரும் எண்ணிப் பார்க்கும் வினா இது. ஆரஞ்சு பயிரிடுவோர் இதற்குக் கண்ட விடையையும், அதிலிருந்து நாம் பெறத்தக்க பாடத்தையும் இங்குக் காண்போம்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் முற்காலத்தில் 25 அடிக்கு ஒரு மரமென நடும் வழக்கம் இருந்தது. இம்முறையில் ஓர் ஏக்கரில் ஏறக்குறைய 70 மரங்களே நிற்கும். அவை வளர்ந்து கிளை பரப்பும் வரை இடைப்பட்ட நிலம் வீணே கிடக்கும். 1983, 1985, 1989 ஆகிய ஆண்டுகளின் கடுங்குளிரில் அங்கு ஏராளமான மரங்கள் பட்டுப்போயின. மறுநடவு செய்தவர்கள் மரங்களை நெருக்கி நடலாயினர். நிரைகளுக்கிடையே 20 அடியும் மரங்களுக்கிடையே 10 அடியும் விட்டால், ஓர் ஏக்கரில் ஏறக்குறைய 218 மரங்கள் நிற்கும். மரங்கள் மிகுதியாதலால் தொடக்க ஆண்டுகளிலேயே விளைச்சல் கூடும்.

நெருக்கி நட்டால் மட்டும் போதுமா? போதாது. மூன்று செயல்கள் உடன் நிகழவேண்டும்.

முதலாவது, தக்க ஒட்டுக்கன்று. நல்லினப் பால்மரத்தின் மொட்டை வேறொரு கன்றில் ஒட்டுவதைப் போன்றே, ஆரஞ்சையும் ஒட்டுகின்றனர். அடிக்கன்றின் இனத்தைப் பொறுத்து மரம் உயரமாகவோ குட்டையாகவோ வளரும். நெருங்கிய நடவுக்குக் குட்டை மரமே ஏற்றது.

இரண்டாவது, நீரும் உரமும். சிறு குழாய்களின் வழியே, உரம் கரைத்த நீரை வேரடியில் சிறிது சிறிதாக, அடிக்கடி விடுகின்றனர். இதனால் உரம் மழையில் அடித்துச் செல்லப்படுவது குறைகிறது.

மூன்றாவது, கவாத்து. கிளைகள் ஒன்றையொன்று மூடினால் வெயில் உள்ளே புகாது; கீழ்க்கிளைகளில் காய் பிடிக்காது.

இவையனைத்தும் செய்தும், புளோரிடா பேரிழப்பைச் சந்தித்தது. 2005ஆம் ஆண்டில் அங்கு 'கிரீனிங்' நோய் கண்டறியப்பட்டது. 'சைலிட்' எனும் சிறு பூச்சி இளந்தளிரின் சாற்றை உறிஞ்சும்போது நோயைப் பரப்புகிறது. இலையில் ஒழுங்கற்ற மஞ்சள் திட்டுகள் தோன்றும். பழம் சிறுத்து, கோணலாகிக் கசக்கும். நோயுற்ற மரத்தைக் குணப்படுத்த இயலாது. 2003-04 பருவத்தில் 24 கோடிப் பெட்டிகளைத் தாண்டிய அம்மாநில ஆரஞ்சு விளைச்சல், 2023-24இல் ஏறக்குறைய 1 கோடியே 80 இலட்சம் பெட்டிகளாகச் சுருங்கியது. சூறாவளிகளும் சேதம் விளைவித்தன. எனினும் நோயே தலையாய காரணமாகும்.

நம் நாட்டுக்கும் இந்நோய் புதிதன்று. திரங்கானு மாநிலத்தின் 'லீமாவ் மாடு' தோட்டங்கள் 1990ஆம் ஆண்டுகளில் இதனால் பெருங்கேடுற்றன.

ஆகவே, வீட்டு நிலத்தில் நான்கு எலுமிச்சையோ ஆரஞ்சோ நட விரும்புவோர் முதலில் கன்றை ஆராயவேண்டும். வழியில் மலிவாகக் கிடைத்ததென்று வாங்காமல், விவசாய இலாகாவின் அங்கீகாரம் பெற்ற நாற்றுப்பண்ணையில் வாங்குவதே நலம். நாம் விரும்பி வளர்க்கும் கறிவேப்பிலையிலும், வேலியில் நிற்கும் கெமுனிங் செடியிலும் இப்பூச்சி முட்டையிட்டுப் பெருகும் என்பதை இல்லத்தரசிகள் அறிதல் வேண்டும். ஆரஞ்சுக்கு அருகில் இவற்றை நடாதிருப்பதும், தளிர் விடும் காலத்தில் இலைகளின் அடிப்புறத்தைப் பார்த்து வருவதும் நன்று.

கன்று நோயற்றதாகவும் கவனிப்பு இடையறாததாகவும் இருந்தால் மட்டுமே, நெருங்கிய நடவு நமக்குப் பலன் தரும்.