ஒரு துளிக் குருதி

மீன்சுருட்டி போன்ற சிற்றூர்களில் மாடே உழவர்தம் செல்வம். நேற்று மேய்ந்த மாடு இன்று திடுமென மாண்டு, மூக்கினின்று உறையாத கருங்குருதி வடியுமாயின், அஃது அடைப்பான் நோயாதல் கூடும். இழப்பை ஈடுசெய்ய எண்ணித் தோலை உரித்தல் பெருந்தீங்காம். உடல் அறுபட்டுக் காற்றுப்பட்டதும் நோய்க்கிருமிகள் வித்துகளாகி மண்ணில் பல்லாண்டு உயிர்த்திருக்கும், மனிதரையும் பற்றும்.

ஆதலின், கால்நடை மருத்துவர் உடலை அறுக்காது, காதினின்று ஒரு துளிக் குருதி எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவி ஆய்வுக்கூடத்திற்கு விடுப்பர். ஆங்கு நீலச் சாயமேற்றி நுண்ணோக்கியால் நோக்குங்கால், கோல்வடிவக் கிருமிகள் புலனாகும். இவையே நோய்முதல் என 1876-இல் இராபர்ட் காக் நிறுவினார்.

நோய் தெளிந்தபின் உடலை ஆழப் புதைத்து, ஏனைய மாடுகளுக்கு, இராணிப்பேட்டையில் 1932-இல் தோன்றிய கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் ஆக்கும் தடுப்பூசியை இடுவர். தோலுக்கு ஆசைப்பட்டோன் மந்தையை இழப்பான்; துளிக் குருதியை ஆய்வுக்கு விடுத்தோன் ஊரைக் காப்பான்.