புரட்டாசி விதைப்பு: மயிலுக்கும் காக்கைக்கும் விஷம் வைக்காதீர்கள்

மானாவாரி மக்காச்சோளத்துக்கும் கடலைக்கும் உழவு ஓட்டிவிட்டு மழைக்குக் காத்திருக்கும் நேரம் இது. ஒரு நல்ல மழை விழுந்தால் ஒரே வாரத்தில் ஊரே விதைத்து முடித்துவிடும். மறுநாள் விடிவதற்குள் புஞ்சையில் மயில் இறங்கும். வெயில் ஏறும்போது காக்கை வரும். சென்ற ஆண்டு புகார் வந்து வனத்துறையினரான நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, செத்த பறவைகளைச் சாக்கில் கட்டும் வேலைதான் மிச்சம் இருந்தது. அதனால் இந்த முறை மழைக்கு முன்பே எழுதுகிறோம்.

வழக்கமான வேலைகள் முதலில். மக்காச்சோள விதையை நாலு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி மண்ணை மூடுங்கள். பக்கத்துப் புஞ்சைக்காரரோடு பேசி ஒரே சமயத்தில் விதையுங்கள். தனியாக முளைத்து நிற்கும் புஞ்சையில்தான் மொத்தக் கூட்டமும் இறங்கும். முளைவிட்ட பிறகு இரண்டு வாரம் காலையும் மாலையும் ஆள் காவல் வேண்டும். பயிர் வேர் பிடித்துவிட்டால் பிடுங்குவது குறைந்துவிடும். தகர டப்பாவோ தாம்பாளமோ தட்டி விரட்டலாம், தவறில்லை. மினுங்கும் ரிப்பனை இரண்டு மூன்று முறுக்கு முறுக்கிக் கட்டுங்கள். தொய்வாக விட்டால் காற்றில் சத்தம் வராது. மயில் பெரும்பாலும் ஓரத்திலிருந்து நடந்துதான் உள்ளே வரும். அதனால் வரப்பைச் சுற்றிப் பழைய சேலையைக் கட்டுகிறவர்களின் யோசனை நல்ல யோசனைதான். நாலைந்து நாளுக்கு ஒருமுறை இடத்தை மாற்றுங்கள். அதே சேலை அதே இடத்தில் தொங்கினால் மயில் அதன் நிழலிலேயே வந்து நிற்கும்.

நைலான் வலை கட்டுகிறவர்கள் இழுத்துக் கட்டுங்கள், தினமும் போய்ப் பாருங்கள். தளர்ந்த வலை கண்ணியாகிவிடும். கண்ணி வைப்பது சட்டப்படி வேட்டை.

இனி முக்கியமான விஷயம். விதையில், அரிசியில், நெல்லில் விஷம் கலந்து வைக்காதீர்கள்.

எங்கள் கண்ணில் பட்டதைச் சொல்கிறோம். வேப்பமரத்தடியில் ஒரு பெண் மயில், கழுத்து பின்னுக்கு வளைந்து, அலகோரம் நுரை காய்ந்து கிடந்தது. அதைச் சுற்றி அதன் குஞ்சுகள். நாலடி தள்ளி இரண்டு காக்கை. அதற்கும் அப்பால் ஒரு கீரி. கீரி நெல்லைத் தின்னாது. செத்த பறவையைத் தின்றிருக்கிறது. கடைசியில் வாய்க்கால் ஓரத்தில் அந்தப் புஞ்சைக்காரர் வளர்த்த நாயும் கிடந்தது. கார்போபியூரான் போன்ற குருணை மருந்தில் ஒரே ஒரு குருணை ஒரு சின்னப் பறவையைக் கொல்லப் போதும். அதைப் பிடி பிடியாக அள்ளி அரிசியில் பிசைகிறீர்கள். எலி பிடிக்கும் ஆந்தையும் இப்படித்தான் போகிறது. பிறகு தை மாதத்தில் எலித் தொல்லை என்று எங்களிடமே வருகிறீர்கள்.

மகாளய அமாவாசையன்று இலையில் சோறு வைத்துக் காக்கையைக் கூவிக் கூவி அழைக்கிறோம். அதே வாரம் வரப்பில் அதற்கு விஷச் சோறு. இதை என்னவென்று சொல்வது?

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரின (பாதுகாப்பு) சட்டப்படி, கொல்வது மட்டுமல்ல, விஷம் வைப்பது, கண்ணி வைப்பது, பறவையின் கூட்டையோ முட்டையையோ கலைப்பது எல்லாமே வேட்டைதான். முயற்சியும் வேட்டைதான். “ஒரு பறவைகூடச் சாகவில்லையே சார்” என்பது பதிலாகாது. மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். பயிர் சேதம் என்று காரணம் காட்டி மயிலைக் கொல்ல அனுமதி கேட்கவும் வழியில்லை. இரண்டாம் அட்டவணையில் உள்ளவற்றுக்கு மட்டும், நிற்கும் பயிரை அழிக்கிறது என்று நிரூபணமானால், தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ காரணம் எழுதி உத்தரவு தரலாம். உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும். டீக்கடையில் யாரோ சொன்னது உத்தரவல்ல.

காக்கை விஷயத்தில் பலர் இன்னும் பழைய கணக்கிலேயே இருக்கிறார்கள். முன்பு ஐந்தாம் அட்டவணையில் எலியோடும் பழந்தின்னி வௌவாலோடும் காக்கையைத் தொல்லைப் பிராணியாகச் சேர்த்திருந்தார்கள். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இப்போது ஒரு பிராணியைத் தொல்லைப் பிராணி என்று அறிவிப்பது மத்திய அரசின் வேலை. அதுவும் குறிப்பிட்ட பகுதிக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். எனவே காக்கையை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்ற நினைப்பை விடுங்கள். டிராக்டருக்குப் பின்னால் அது நடந்து பொறுக்குவது உங்கள் விதையை அல்ல, மண்ணிலிருந்து கிளம்பும் புழுவை.

வேலியோரப் புதரில் மயில் முட்டை கண்டால் தொடாமல் விலகிப் போங்கள். கிளி, கதிர் பால் பிடிக்கும்போதுதான் வரும். அதைப் பற்றி அப்போது எழுதுகிறோம்.

விஷம் வைக்காதவர்களும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மருந்து கலந்த விதை சிவப்பாக வருகிறதே, அது வெறும் சாயமல்ல, எச்சரிக்கை. கருவி திரும்பும் முனைகளில் அது கைநிறையக் கொட்டிக் கிடக்கிறது. கூட்டி அள்ளிப் புதைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். மிச்ச விதையைக் கோழிக்குப் போடாதீர்கள். பையைக் கழுவி அரிசி கட்டாதீர்கள், இதையும் செய்கிறார்கள்.

பறவைகள் செத்துக் கிடந்தால் கையால் தொடாதீர்கள். பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். எடுத்துப் புஞ்சையில் தொங்கவிடும் வழக்கமும் வேண்டாம். கறுப்புத் துணி போதும். கால்நடை மருத்துவருக்கும் ரேஞ்சர் ஆபீசுக்கும் தகவல் சொல்லுங்கள். பயிர் சேதமென்றால் போட்டோ எடுத்து, சர்வே எண்ணோடு எழுதி ரேஞ்சரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாயால் சொன்ன புகாரைத் தேடிப் பிடிக்க எங்களால் முடியாது.

மருந்து பிசைந்த கையோடு பீடி பிடித்து விழுந்தவர்களும் உண்டு. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, வாயில் எச்சில் வழிந்து, உடம்பு வியர்த்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மருந்து டப்பாவையும் கூடவே எடுத்துப் போங்கள்.

கடைசியாக மருந்துக் கடைக்காரர்களுக்கு. எந்தப் பயிர், எந்தப் பூச்சி என்று கேட்டுவிட்டு மருந்து கொடுங்கள். “மயிலுக்கு” என்று சொல்பவருக்கு விற்காதீர்கள். பில்லில் உங்கள் கடை பெயர் இருக்கிறது.