மலட்டு மருந்து வதந்தியும் தூதர்களின் பதிலும்

ஒரு மடாதிபதியின் வாக்குக்கு எவ்வளவு எடை என்று காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் பெரியவர் ஒருவர் சொன்னது மாலைக்குள் பிள்ளையார்பாளையத்துத் தறிகள் வரை பேச்சாகிவிடும். ஆதாரமில்லாத சதிக் கதையொன்று அப்படிப்பட்ட வாயிலிருந்து புறப்பட்டால் அது குழந்தைகளின் காலையும் முடமாக்கும், கடைகளையும் கொளுத்தும். இரண்டும் நடந்திருக்கின்றன. அப்போது பிற நாடுகளின் அரசுகளும் தூதர்களும் செய்தவற்றைப் பற்றி நம்மிடையே சில தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன.

நம்பிக்கை: விஷயம் தெரியாதவர்கள்தான் இப்படிப் பேசுவார்கள், விளக்கிச் சொன்னால் தீர்ந்துவிடும்.

2003இல் நைஜீரியாவின் கானோ மாநிலத்தில் போலியோ சொட்டு மருந்து நிறுத்தப்பட்டது. முஸ்லிம் பெண்களை மலடாக்க அமெரிக்காவும் அதன் கூட்டாளிகளும் மருந்தில் கலப்படம் செய்திருக்கிறார்கள் என்று அந்நாட்டு ஷரியா உச்ச மன்றத்தின் தலைவர் டத்தி அகமது சொன்னார். அவரே ஒரு மருத்துவர். சொன்னது பொய்தான். ஆனால் கேட்டவர்களிடம் ஒரு நினைவு இருந்தது. 1996இல் மூளைக்காய்ச்சல் பரவியபோது ஃபைசர் நிறுவனம் அதே கானோவில் சுமார் 200 குழந்தைகளிடம் மருந்துப் பரிசோதனை நடத்தியது. அவர்களில் 11 பேர் இறந்தார்கள். போதாக்குறைக்கு, 2003 மார்ச்சில்தான் ஈராக்மீது அமெரிக்கா படையெடுத்திருந்தது.

நம் நாட்டுக்கும் இப்படியொரு நினைவு உண்டு. நெருக்கடி நிலைக் காலத்துக் கட்டாயக் கருத்தடையை வட இந்தியா மறக்கவில்லை. உத்தரப் பிரதேசத்தில் போலியோ சொட்டு மருந்தைப் பலர் மறுத்ததற்குப் பின்னால் அந்தப் பயமும் இருந்தது. 2002இல் இந்தியாவில் சுமார் 1,600 குழந்தைகளுக்குப் போலியோ வந்தது. பெரும்பகுதி அந்த ஒரு மாநிலத்தில். பயத்துக்குக் காரணம் இருந்தது என்பதால் வதந்தி உண்மையாகிவிடாது. ஆனால் காரணத்தை மதிக்காமல் பேசப் போனவர்களின் பேச்சு எடுபடவில்லை.

நம்பிக்கை: குற்றம் சாட்டப்பட்ட நாடே கடுமையாக மறுக்க வேண்டும்.

கானோவில் இதற்கு நேர்மாறாக நடந்தது. இந்தக் கட்டுரை எழுதக் காரணமும் அதுதான். அமெரிக்க அதிகாரிகள் பெரும்பாலும் பின்வரிசையிலேயே இருந்தார்கள். அவர்கள் வாய் திறந்தால் சந்தேகம் இன்னும் பெருகும் என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது. 2003 அக்டோபரில் மலேசியாவின் புத்ரஜெயாவில் கூடிய இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் உச்சி மாநாடு, போலியோவை ஒழிக்க உறுப்பு நாடுகள் முயல வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பின்னர் மார்க்க அறிஞர்களும் விஞ்ஞானிகளும் அடங்கிய நைஜீரியக் குழு வெளிநாடுகளுக்குச் சென்று மருந்துச் சோதனையை நேரில் பார்த்தது. போன நாடுகளில் இந்தியாவும் ஒன்று. கடைசியில் கானோ ஏற்றுக்கொண்டது இந்தோனேசியாவின் பயோஃபார்மா தயாரித்த மருந்தை. இந்தோனேசியா முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு. 2004 ஜூலையில் ஆளுநர் இப்ராஹிம் ஷெகாராவ் ஊர் பார்க்கத் தன் மகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கவைத்து முகாமைத் தொடங்கினார்.

யாரையும் அவமானப்படுத்தாமல், எதிர்த்தவர்கள் கௌரவம் இழக்காமல் திரும்பிவர வழி விட்ட காரியம் இது. என் மதிப்பில், எத்தனை கண்டன அறிக்கைகளைக் கூட்டினாலும் இதற்கு ஈடாகாது.

ஆனாலும் தாமதத்துக்கு விலை உண்டு. சுமார் 11 மாத இடைவெளியில் வைரஸ் கானோவை விட்டு வெளியேறி நாடு நாடாகப் பரவியது. பத்தாண்டுகளாகப் போலியோ இல்லாதிருந்த இந்தோனேசியாவையே 2005இல் எட்டியது. அங்கே 300க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள்.

நம்பிக்கை: விசா மறுத்தால், தடை போட்டால் அடங்கிவிடுவார்கள்.

பக்கத்து இலங்கையைப் பாருங்கள். 2014 ஜூனில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த அளுத்கம வன்முறைக்குப் பிறகு, பொது பல சேனா என்ற தீவிர பௌத்த அமைப்பின் ஞானசார தேரருடைய அமெரிக்க விசா ரத்தானதாக அந்த அமைப்பே தெரிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில், முஸ்லிம் எதிர்ப்புப் பேச்சுக்குப் பெயர்போன மியான்மரின் விராத்து பிக்குவைக் கொழும்புக்கு அழைத்துவந்து மேடையேற்றினார்கள். தூதரகத்தின் கோபம் அங்கே ஒரு பதக்கமாகிப்போனது.

வதந்திகளும் ஓயவில்லை. 2018 பிப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் உணவகம் ஒன்றின் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்திருப்பதாகக் கிளம்பிய வதந்தியில் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரசுப் பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது வெறும் மாவுக்கட்டி. சாப்பாட்டில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்குவதற்கென்று மருத்துவத்தில் எந்த மாத்திரையும் கிடையாது. அதற்கு அடுத்த ஆண்டு, சிங்களப் பெண்கள் 4,000 பேரை ரகசியமாகக் கருத்தடை செய்ததாகக் குருநாகலின் முஸ்லிம் மருத்துவர் ஒருவர்மீது பத்திரிகை ஒன்று குற்றம் சாட்டியது. பௌத்த குரு பீடமான அஸ்கிரியவின் மகாநாயக்கரே அதை நம்பிப் பேசினார்; முஸ்லிம் கடைகளில் சாப்பிட வேண்டாம் என்றார். ஆதாரம் ஏதும் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் துறை நீதிமன்றத்தில் தெரிவித்தது. நிதியமைச்சர் மங்கள சமரவீர மகாநாயக்கரை வெளிப்படையாகக் கண்டித்தார். அந்தத் துணிவை மதிக்கிறேன். ஆனால் மகாநாயக்கருக்கு இணையான இன்னொரு பீடத்திலிருந்து அந்தக் கண்டனம் வந்திருக்க வேண்டும். அங்கே தேவைப்பட்டது அதுதான்.

நம்பிக்கை: தமிழ்நாட்டில் இதெல்லாம் எடுபடாது.

2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது, அதைப் போட்டால் ஆபத்து என்று வாட்ஸ்அப்பில் கிளம்பிய கதையை நம்பிப் பல பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. முகாமின் காலக்கெடுவை அரசு நீட்டிக்க வேண்டியிருந்தது. அந்தக் கதை பரவ எந்த மடத்தின், ஜமாத்தின், ஆயரின் வாக்கும் தேவைப்படவில்லை. கைபேசி ஒன்றே போதுமானதாக இருந்தது. ஆனால் மதத்தின் வாக்கு நல்லதற்கும் உதவும். உத்தரப் பிரதேசத்தில் சொட்டு மருந்துக்கு ஆதரவாகப் பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள் பேசின. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமியா ஹம்தர்தும் துணை நின்றன. 2011 ஜனவரி 13க்குப் பிறகு இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸால் ஒரு குழந்தையும் பாதிக்கப்படவில்லை. அடுத்த முகாமுக்கு முன்பே நம் மாவட்டச் சுகாதார அதிகாரிகள் மடங்களின் வாசலுக்கும் பள்ளிவாசல்களுக்கும் தேவாலயங்களுக்கும் போய் உட்கார்ந்து பேச வேண்டும். வதந்தி கிளம்பிய பிறகு அல்ல.