மெகாவாட் வேறு, யூனிட் வேறு: புதுப்பிக்கத்தக்க ஆற்றலும் பசுமை நகரங்களும் – முக்கியக் குறிப்புகள்

இந்தப் பாடத்தில் மதிப்பெண்ணை விடுபவர்களில் பலர் நன்றாகப் படித்தவர்கள்தான். நிறுவுதிறனையும் உற்பத்தியையும் ஒன்றென்று எண்ணிக்கொள்வதில்தான் வழுக்குகிறார்கள். நிறுவுதிறன் மெகாவாட்டில் வரும். உற்பத்தி யூனிட்டில் வரும். முன்னது வண்டியின் இன்ஜின் வலு, பின்னது வண்டி ஓடிய தூரம். கீழே வரும் எந்த எண்ணைப் படித்தாலும் அது இரண்டில் எது என்று கேட்டுக்கொண்டே படியுங்கள்.

அளவை

• 1 கிலோவாட் கருவி 1 மணி நேரம் ஓடினால் 1 யூனிட். 1,000 கிலோவாட் 1 மெகாவாட். 1,000 மெகாவாட் 1 ஜிகாவாட்.

• மொட்டைமாடியில் 1 கிலோவாட் சூரியப் பலகை வைக்க ஏறக்குறைய 100 சதுர அடி வேண்டும். நாள் முழுக்க முழுத் திறனில் ஓடினால் 24 யூனிட் வரவேண்டும். நம் ஊர் வெயிலில் வருவது 4 முதல் 5 யூனிட். இரவு இல்லை, காலையும் மாலையும் சாய்வெயில், மேகம், தூசி, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் எல்லாம் போக மிஞ்சுவது திறனில் ஐந்தில் ஒரு பங்கு அளவே. இந்த விகிதத்துக்குத் திறன் பயன்பாட்டுக் காரணி என்று பெயர்.

• அக்னி நட்சத்திரத்தில் உற்பத்தி உச்சத்துக்குப் போகும் என்ற கூற்று தவறு. பலகைக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது. பலகையின் திறனை ஆய்வகத்தில் 25 டிகிரி செல்சியஸில் அளக்கிறார்கள். அதற்கு மேல் சூடேறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 முதல் 0.5 விழுக்காடு வரை திறன் குறையும். மத்தியான மாடியில் பலகை 60 டிகிரியைத் தொடுவது சாதாரணம்.

• காற்றில் உள்ள ஆற்றல் அதன் வேகத்தின் முப்படிக்கு நேர்த்தகவில் இருக்கும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்கு. காற்றாலை அதில் அதிகபட்சம் 59.3 விழுக்காட்டைத்தான் எடுக்க முடியும். இது பெட்ஸ் வரம்பு.

இந்தியா: ஆண்டுகளும் இலக்குகளும்

• 1982: மரபுசாரா எரிசக்திக்குத் தனித் துறை. 1992: அது அமைச்சகமானது. 2006: புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் என்று பெயர் மாறியது.

• 1987: ஐரெடா (கடன் தரும் நிறுவனம்). 2011: இந்திய சூரிய ஆற்றல் கழகம். தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் குருகிராமில். தேசிய காற்றாற்றல் நிறுவனம் சென்னை பள்ளிக்கரணையில் (தொடக்கம் 1998). தேசிய உயிரி ஆற்றல் நிறுவனம் பஞ்சாபின் கபுர்தலாவில். பொருத்துக வினாவுக்கு இந்தக் கடைசி மூன்றும் தோதானவை.

• 2010 ஜனவரி 11: தேசிய சூரிய ஆற்றல் இயக்கம். 2022-க்குள் 20,000 மெகாவாட் என்ற இலக்கை 2015-இல் 1,00,000 ஆக உயர்த்தினார்கள். அப்போது அறிவித்த மொத்த இலக்கு 175 ஜிகாவாட்: சூரியன் 100, காற்று 60, உயிரி 10, சிறு புனல் 5.

• 2015 நவம்பர் 30: பாரிஸ் மாநாட்டில் இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து பன்னாட்டு சூரியக் கூட்டணியைத் தொடங்கின. தலைமையகம் குருகிராம். பன்னாட்டுப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமை (ஐரீனா) வேறு, அது அபுதாபியில்.

• 2021 நவம்பர், கிளாஸ்கோ: பிரதமர் மோடி அறிவித்த பஞ்சாமிர்தம். 2030-க்குள் புதைபடிவம் சாரா திறன் 500 ஜிகாவாட். ஆற்றல் தேவையில் 50 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கவற்றிலிருந்து. உமிழ்வில் 100 கோடி டன் குறைப்பு. உமிழ்வுச் செறிவு 45 விழுக்காடு குறைப்பு. 2070-இல் நிகர பூஜ்ஜியம்.

• 2022 ஆகஸ்டில் ஐ.நா.விடம் முறையாகக் கொடுத்த வாக்குறுதியின் சொற்களை நிதானமாகப் படியுங்கள். அங்கே இருப்பது “மின் நிறுவுதிறனில் 50 விழுக்காடு, புதைபடிவம் சாராதவற்றிலிருந்து” என்பது. கிளாஸ்கோவில் சொன்ன “ஆற்றல் தேவை” இங்கே “நிறுவுதிறன்” ஆகிவிட்டது. உமிழ்வுச் செறிவுக்கு அடிப்படை ஆண்டு 2005.

• அந்த 50 விழுக்காட்டை 2025 ஜூனிலேயே தொட்டாயிற்று: மொத்தம் சுமார் 484.8 ஜிகாவாட்டில் 242.8. ஐந்தாண்டு முன்கூட்டியே எட்டிய இலக்கு, பெருமைப்படலாம். ஆனால் நாட்டில் உற்பத்தியாகும் யூனிட்டில் நூற்றுக்கு 70-க்கு மேல் இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது. இரண்டு கூற்றும் சரி. வினாத்தாளில் இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதுபோல் நிற்கும், மிரள வேண்டாம்.

• அணுமின்சாரம் “புதைபடிவம் சாரா” கணக்கில் சேரும். “புதுப்பிக்கத்தக்க” கணக்கில் சேராது. 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட பெரிய புனல் மின்நிலையங்களை 2019 மார்ச் முதல் புதுப்பிக்கத்தக்கதாகவே எண்ணுகிறார்கள்.

• 2023 ஜனவரி: தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கம், ரூ.19,744 கோடி, 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன்.

தமிழ்நாடு

மாநிலத் தேர்வு எழுதுபவர்கள் இந்தப் பகுதியை வரைபடத்தோடு படிக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை பெருஞ்சுவர் என்றால் அதில் நான்கு திட்டிவாசல்கள்: பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. தென்மேற்குப் பருவக்காற்று இந்த இடுக்குகளில் நெருக்கிக்கொண்டு நுழையும்போது வேகம் கூடுகிறது. வேகம் கொஞ்சம் கூடினாலே ஆற்றல் எவ்வளவு கூடும் என்பதை மேலே பார்த்தோம். பாலக்காட்டுக் காற்று உடுமலை, பல்லடம் பக்கமும், கம்பத்துக் காற்று தேனி, ஆண்டிபட்டி பக்கமும், செங்கோட்டைக் காற்று தென்காசிச் சீமையிலும் விசிறிகளைச் சுழற்றுகிறது.

• ஆரல்வாய்மொழி ஓரம் முப்பந்தல். நாகர்கோவில் சாலையில் இசக்கியம்மன் கோயிலைத் தாண்டியவர்களுக்கு அந்தக் காற்றாலைக் காட்டைத் தனியாக வருணிக்க வேண்டியதில்லை. ஒரே தொகுப்பில் ஏறத்தாழ 1,500 மெகாவாட்.

• முதல் காற்றாலைப் பண்ணை 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில். அதே காலத்தில் குஜராத்தின் ஓகாவிலும் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியிலும் வைத்தார்கள்.

• காற்றாலை நிறுவுதிறனில் தமிழ்நாடு முதலிடம் என்று பழைய கையேடுகள் சொல்லும். 2023-இல் குஜராத் முந்திவிட்டது, தமிழ்நாடு இரண்டாமிடம். பழைய விடையை எழுதிவிட்டுச் சண்டை போட முடியாது.

• முந்தியதற்கு ஒரு காரணம், நல்ல காற்று வீசும் இடங்களையெல்லாம் முப்பது ஆண்டுக்கு முந்தைய குட்டை இயந்திரங்கள் பிடித்துக்கொண்டிருப்பது. அவை சில நூறு கிலோவாட் திறன் கொண்டவை. இன்றைய ஒரே இயந்திரம் 2,000 கிலோவாட்டுக்கு மேல் தரும். பழையதைக் கழற்றிப் புதியதை நிறுத்துவதற்குத்தான் மாநில அரசின் 2024-ஆம் ஆண்டுக் காற்றாலை மறுதிறனூட்டல் கொள்கை. 150 மீட்டர் உயரத்தில் நாட்டின் காற்றாற்றல் வாய்ப்பு 1,164 ஜிகாவாட் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அதில் தமிழ்நாட்டின் பங்கு சுமார் 95.

• காற்றாலைச் சீசன் மே முதல் அக்டோபர் வரை. ஆடியில் அம்மியும் நகரும் என்கிற காற்று, தையில் இலையைக்கூட அசைக்காது. நிறுவுதிறன் இரண்டு மாதத்திலும் ஒன்றுதான், யூனிட் ஒன்றல்ல.

• ஆகவே மின்சாரத்தைச் சேர்த்துவைக்க வேண்டும். ஆனைமலையில் காடம்பாறை நீரேற்று புனல் மின்நிலையம் (400 மெகாவாட், 1980-களின் இறுதி) அதற்குப் பழைய, நல்ல எடுத்துக்காட்டு. மின்சாரம் மிகுந்திருக்கும் நேரத்தில் மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்துத் தண்ணீரை மேலே காடம்பாறை அணைக்கு ஏற்றுவார்கள். மாலையில் ஊரெல்லாம் விளக்குப் போடும்போது அதே தண்ணீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். ஏற்றச் செலவாகும் யூனிட்டைவிடத் திரும்பக் கிடைப்பது குறைவு. ஆனாலும் வேண்டிய நேரத்தில் கிடைக்கிறது. நீலகிரியில் குந்தா (500 மெகாவாட்) இதே முறையிலான திட்டம்.

• கமுதி, இராமநாதபுரம் மாவட்டம்: 648 மெகாவாட், சுமார் 2,500 ஏக்கர், 25 லட்சம் பலகைகள், 2016. அப்போது ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப்பெரிய சூரிய மின்நிலையம். தண்ணீருக்கு அலையும் சீமையில் பலகையைக் கழுவ முடியுமா? தூசி துடைக்க ரோபோக்கள். இன்று ராஜஸ்தானின் பாட்லா (2,245 மெகாவாட்), கர்நாடகத்தின் பாவகடா (2,050) எல்லாம் கமுதியைத் தாண்டிவிட்டன. குஜராத்தின் காவ்டாவுக்குத் திட்டமிட்டிருப்பது 30,000 மெகாவாட்.

• கடலில் காற்றாலை: கொள்கை 2015. நிதித் திட்டம் 2024, ரூ.7,453 கோடி, குஜராத் கரைக்கு 500, தமிழ்நாட்டுக் கரைக்கு 500 மெகாவாட்.

• மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி 2006-இல் 350 கிலோவாட் காற்றாலையைத் தானே வாங்கி நிறுத்தி, தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றது. உள்ளாட்சி பற்றிய கட்டுரை வினாவில் இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

நகரங்கள்

• அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம், 12-ஆவது அட்டவணை, 18 பணிகள். நகரமைப்பு, திடக்கழிவு, நகர்ப்புறக் காடு வளர்ப்பும் சுற்றுச்சூழல் பாதுகாப்பும், தெருவிளக்கு, பேருந்து நிறுத்தம் எல்லாம் அதில் உண்டு. மின்சாரம் பொதுப்பட்டியலில்.

• நீடித்த வளர்ச்சி இலக்கு 7 தூய ஆற்றல், 11 நகரங்கள், 13 காலநிலை நடவடிக்கை.

• பொலிவுறு நகரங்கள் திட்டம்: 2015 ஜூன் 25 முதல் 2025 மார்ச் 31 வரை. 100 நகரங்கள், தமிழ்நாட்டில் 11. பொலிவுக்குக் கிடைத்த கவனம் உமிழ்வுக்குக் கிடைக்கவில்லை என்பது என் கருத்து. விடைத்தாளில் இதை எழுத வேண்டாம்.

• சென்னை: 2014-இல் நடப்போருக்கும் சைக்கிளுக்குமான மோட்டாரில்லாப் போக்குவரத்துக் கொள்கை, 2019-இல் பாண்டி பஜார் நடைபாதை வளாகம், 2023-இல் காலநிலைச் செயல்திட்டம், இலக்கு 2050-க்குள் கரிமச் சமநிலை.

• 2025 ஜூன் 30-இல் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. அந்தப் பேருந்துக்குப் புகைபோக்கி கிடையாது. புகைபோக்கி அத்திப்பட்டில் அனல்மின் நிலையத்தின் மேல் நிற்கிறது. நம் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. தெருவில் மூச்சு விடுபவருக்கு உடனே நன்மை. காலநிலைக்கு நன்மை, தொகுப்பு பசுமையாகும் வேகத்தில்தான். “மின்வாகனம் உமிழ்வற்றது” என்ற கூற்றுக்கு இவ்வளவும் சேர்த்து எழுதினால் முழு மதிப்பெண்.

• கட்டடங்கள்: எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001, அதன்கீழ் எரிசக்தித் திறன் பணியகம் 2002 மார்ச் 1, வணிகக் கட்டட விதித்தொகுப்பு 2007, குடியிருப்புகளுக்கு ஈகோ நிவாஸ் சம்ஹிதா 2018. எரிசக்திச் சேமிப்பு நாள் டிசம்பர் 14. கரிம வரவுச் சந்தைக்கு வழிவிட்டது 2022 திருத்தம்.

• குப்பை: ஈரக் கழிவு மட்கும்போது வரும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு வெப்பமூட்டும். இந்தூரில் 2022 பிப்ரவரியில் திறந்த ஆலை நாளொன்றுக்கு 550 டன் ஈரக் கழிவிலிருந்து வாகன எரிவாயு எடுக்க அமைந்தது. அங்கே அது சாத்தியப்பட்டது, வீட்டு வாசலிலேயே குப்பையைப் பிரித்து வாங்கியதால்.

• “முதல்” வினாக்கள்: முழுவதும் சூரிய மின்சாரத்தில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் கொச்சி (2015). நாட்டின் முதல் 24 மணி நேர சூரியக் கிராமம் குஜராத்தின் மொதேரா (2022). நாட்டின் முதல் சூரிய நகரம் மத்தியப் பிரதேசத்தின் சாஞ்சி (2023).

• பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம் (2024): ரூ.75,021 கோடி, 1 கோடி வீடுகள். மானியம் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் ரூ.78,000. இப்போது ஒரு கணக்கு. 2 கிலோவாட் பலகை நாளுக்கு 9 யூனிட் தந்தால் இரண்டு மாதப் பட்டியல் காலத்தில் 540 யூனிட். உங்கள் வீட்டு மின்கட்டணப் பட்டியலில் எவ்வளவு என்று பாருங்கள். பகலில் மிஞ்சுவதை மின்தொகுப்புக்கு அனுப்பி, இரவில் திரும்ப வாங்குவதைப் பதிவது இருவழி மீட்டர்.

நீதிமன்றம்

• 2024 மார்ச் 21, ரஞ்சித்சிங் வழக்கு. ராஜஸ்தான், குஜராத்தில் கானமயில்கள் உயர்அழுத்தக் கம்பியில் மோதிச் சாவதைத் தடுக்கத் தொடுத்தது. அதிலேயே உச்ச நீதிமன்றம், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபட்டிருப்பது ஓர் உரிமை என்று பிரிவு 14, 21-இன்கீழ் ஏற்றது. பசுமை மின்சாரத்துக்கும் ஒரு பறவைக்கும் இடையே நீதிபதிகள் தராசு பிடிக்க நேர்ந்த வழக்கு. முதன்மைத் தேர்வுக்கு இதை மூலத் தீர்ப்பிலேயே படிக்கலாம்.

இந்தக் குறிப்புகளில் ஆண்டுகள் மாறா. நிறுவுதிறன் எண்கள் மாதாமாதம் மாறும். தேர்வுக்கு முந்தைய வாரம் அமைச்சகத்தின் மாதாந்திர அட்டவணையைத் திறந்து, குஜராத், தமிழ்நாடு வரிசைகளில் மட்டும் பென்சிலால் திருத்திக்கொள்ளுங்கள்.